மேசைப் பலகைக்கு முனைச் சட்டம்: நடுவில் பிடிமானம், ஓரங்களில் இடம்

முழு மரப் பலகைகளை ஒட்டிச் செய்த மேசைகள் சிலவற்றில், இரண்டு முனைகளிலும் குறுக்காக ஒரு சட்டம் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேசையின் பலகைகள் நீளவாக்கில் ஓடும். இந்தச் சட்டம் மட்டும் அகலவாக்கில் ஓடும். மூன்று, நான்கு இஞ்ச் அகலம் இருக்கும். பலகைகளின் வெட்டுமுகம் வெளியே தெரியாமல் அது மூடிவிடும். மரவேலைக்காரர்கள் இதைப் பிரெட்போர்டு எண்ட் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் முனைச் சட்டம் என்றே சொல்கிறேன்.

பார்க்க மிக எளிய வேலை போலத்தான் இருக்கும். அதனால் புதிதாக மரவேலை பழகுகிறவர்கள் பலர் சட்டத்தின் விளிம்பு முழுக்க ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மறுநாள் பாலிஷ் போட்டு முடித்துவிடுகிறார்கள். சில மாதம் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு கோடையில் மேசைப் பலகையின் முனையிலிருந்து உள்நோக்கி நீளமாக ஒரு வெடிப்பு ஓடும். அல்லது ஒட்டிய இடமே ஒரு ஓரத்திலிருந்து பிளந்துகொண்டு வரும். மரம் சரியில்லை, பசை சரியில்லை என்று பேச்சு வரும். இரண்டும் சரியாகவே இருந்திருக்கும். அசையத்தான் செய்யும் ஒரு பொருளை அசையவிடாமல் கட்டிப்போட்டதுதான் கோளாறு.

செட்டிநாட்டுப் பக்கம் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது பர்மா தேக்கு நிறைய வெளியே வருகிறது. தூண், உத்திரம், நிலை, கதவு என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு அவை வந்து சேர்கின்றன. அந்த மரத்தை வாங்கி அறுத்து, சாப்பாட்டு மேசை செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் சொல்வது இதுதான்: "நூறு வருஷம் காய்ந்த மரம், இனிமேல் என்ன அசையப் போகுது?"

அசையும். பழைய மரம் அசையாது என்ற நம்பிக்கைதான் நல்ல மரத்தில் செய்த மேசைகளைக் கெடுக்கிறது. ஆகவே சட்டம் போடும் முறைக்குப் போகும் முன் மரம் ஏன், எந்தப் பக்கம், எவ்வளவு அசைகிறது என்பதைப் பார்த்துவிடலாம். இது புரிந்துவிட்டால் மீதி வேலை எல்லாம் தானாகவே புரியும்.

மரம் அகலத்தில்தான் விரியும்

மரம் என்பது நீளநீளமான நார்க்குழல்களின் கட்டு. ஒரு வைக்கோல் கட்டை எண்ணிக்கொள்ளுங்கள். ஈரம் ஏறினால் ஒவ்வொரு தாளும் பருக்கும், கட்டு மொத்தமாகத் தடிக்கும். ஆனால் கட்டின் நீளம் கூடாது. பலகையும் அப்படித்தான். காற்றில் ஈரம் கூடும்போது நாரின் சுவர்கள் ஈரத்தை வாங்கிப் பருக்கின்றன, பலகை அகலத்தில் விரிகிறது. காற்று வறண்டால் அகலத்தில் சுருங்குகிறது. நீளத்தில் மாற்றம் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு.

அகலத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. மரத்தின் வளையங்களை ஒட்டிப் போகும் திசையில் சுருக்கம் அதிகம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் அதில் பாதியளவுதான். தேக்கை எடுத்துக்கொண்டால், பச்சை மரம் முழுக்கக் காய்ந்து முடிவதற்குள் வளையத்தை ஒட்டிய திசையில் 5 முதல் 6 சதவீதம் வரை சுருங்கும். நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் 2 முதல் 3 சதவீதம். உலகத்து மரங்களில் தேக்கு குறைவாக அசையும் வகை. மற்ற பல மரங்கள் இதைவிடக் கூடுதலாக ஆடும்.

பச்சை மரத்துக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காய்ந்த மரமும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் நெடுநாள் நின்றால் மரத்துக்குள் இருக்கும் ஈரம் 9 சதவீதம் பக்கத்தில் வந்து நிற்கும். காற்றில் 80 சதவீதம் என்றால் மரத்தில் 15, 16 சதவீதம். இதில் மரத்தின் வயது பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. போன வருஷம் வெட்டிப் பதப்படுத்திய தேக்கும், 1920-களில் கப்பலில் வந்து இறங்கிய தேக்கும் ஐப்பசி மழையில் ஈரம் வாங்கும், கோடையில் விடும். பழைய மரத்தில் உள்ள நன்மை வேறு. அதில் உள்முறுக்கமெல்லாம் பெரும்பாலும் அடங்கியிருக்கும், புதிதாகக் கோணுவது குறைவு. விரிவும் சுருக்கமும் அதற்கும் உண்டு.

இப்போது ஒரு மேசையைக் கணக்குப் போடுவோம். 6 அடி நீளம், 3 அடி அகலம். மழைக்கும் கோடைக்கும் இடையில் மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கனமான பலகைக்குள் ஈரம் மெதுவாகத்தான் ஏறி இறங்கும் என்பதால் இது நியாயமான அளவு. வளையங்கள் பலகை முகத்துக்குப் படுத்தவாக்கில் வரும்படி அறுத்த தேக்கு என்றால் 3 அடி அகலத்தில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் மாறும். ஆசாரி கணக்கில் 2 நூலுக்குக் கொஞ்சம் மேலே. வளையங்கள் நின்றவாக்கில் வரும்படி அறுத்த மரம் என்றால் அதில் பாதி, 1 நூல் சொச்சம். அதே மேசையின் 6 அடி நீளத்தில் வரும் மாற்றம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

(நூல் கணக்கு பழகாதவர்களுக்கு: ஒரு இஞ்சுக்கு 8 நூல். ஒரு நூல் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்.)

சிக்கல் எங்கே என்று இப்போது தெரிந்திருக்கும். மேசைப் பலகை அகலவாக்கில் 2 நூல் கூடிக் குறைகிறது. அதன் முனையில் இருக்கும் சட்டமோ அதே திசையில் தன் நீளத்தை வைத்திருக்கிறது, நீளம் மாறாது. மாறுகிற ஒன்றையும் மாறாத ஒன்றையும் 3 அடி நெடுக ஒட்டிவிட்டால் கோடையில் பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. எது பலவீனமோ அது பிளக்கும். பெரும்பாலும் பலகைதான், ஏனென்றால் நாரின் குறுக்கே மரத்துக்கு வலு குறைவு.

செட்டிநாட்டுக் கதவில் ஏற்கெனவே இருக்கும் விடை

இந்தக் கஷ்டத்துக்கு விடை புதிதாகத் தேட வேண்டியதில்லை. சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்த பழைய கதவு எதையாவது நன்றாகப் பாருங்கள். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ பள்ளத்தூரிலோ பழைய வீட்டின் உள்ளறைக் கதவு ஒன்று போதும். நான்கு பக்கமும் சட்டம், அதன் உள்விளிம்பில் காடி, அதாவது நெடுக ஓடும் பள்ளம், அந்தக் காடிக்குள் நடுப்பலகை உட்கார்ந்திருக்கும். சட்டங்கள் ஒன்றோடொன்று கழுந்தும் துளையுமாக, ஒன்றில் செதுக்கி விட்ட முனை இன்னொன்றின் துளைக்குள் நுழைந்து, இறுகியிருக்கும். நடுப்பலகை மட்டும் காடிக்குள் எதோடும் ஒட்டாமல் சும்மா நிற்கும். விரிந்தால் உள்ளே போகும், சுருங்கினால் வெளியே வரும். நல்ல கோடையில் இப்படிப்பட்ட கதவுகளில் பலகையின் ஓரத்தில் பாலிஷ் ஏறாத வெளிர் கோடு ஒன்று தெரியும். மழைக்காலத்தில் அது காடிக்குள் ஒளிந்துகொள்ளும். கதவு பல தலைமுறை நிற்பதற்கு மரத்தின் தரம் ஒரு காரணம் என்றால், இந்த இடம் விடுதல் இன்னொரு காரணம். தேக்கைப் பற்றியே பேசி இந்த வேலைப்பாட்டைப் பேசாமல் விடுவது அந்தத் தச்சர்களுக்குச் செய்யும் குறை என்று எனக்குத் தோன்றும்.

முனைச் சட்டமும் இதே யோசனைதான், ஒரே ஒரு மாற்றத்தோடு. கதவுப் பலகையைச் சட்டம் நான்கு பக்கமும் தாங்குகிறது. மேசையில் சட்டம் இரண்டு முனைகளில் மட்டும். அதனால் எங்காவது ஓரிடத்தில் அது உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் கையோடு வந்துவிடும். அந்த ஓரிடம் நடு. நடுவில் பசையும் மர ஆணியும் போட்டு இறுக்குகிறோம். ஓரங்களில் சட்டம் பலகையை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டில் நகர விடும். நடு நிலையாக இருப்பதால் 2 நூல் மாற்றம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூலாகப் பிரிந்துவிடும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்குச் சட்டம்? முக்கியமாக ஒன்றுக்காக: பலகை குழியாமல், கோணாமல் தட்டையாக நிற்க. மரம் நார்வாக்கில்தான் விறைப்பு. குறுக்காக வைத்த சட்டத்தின் நார் மேசையின் அகலவாக்கில் ஓடுவதால், ஓரங்கள் மேலே எழும்ப அது விடாது. வெட்டுமுகத்தை மூடுவது அடுத்த நன்மை. வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் வேகமாக ஏறி இறங்கும், முனை வெடிப்புகள் அங்கேதான் தொடங்கும்.

எல்லா மேசைக்கும் இது வேண்டும் என்றில்லை. கால்களை இணைக்கும் சட்டம் அடியில் வலுவாக இருந்து, பலகையை அதோடு சரியாகப் பொருத்தியிருந்தால் முனைச் சட்டம் இல்லாமலே பலகை தட்டையாக நிற்கும். முனைகள் காலைத் தாண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் மேசை, அடியில் தாங்கல் இல்லாத பெட்டக மூடி, எழுதும் சாய்வுப் பலகை போன்றவற்றுக்குத்தான் இது அவசியம். பிளைவுட் மேசைக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. பிளைவுட் அகலத்தில் அசைவது மிகக் குறைவு, அதன் விளிம்பில் தாராளமாகப் பசை போட்டு மெல்லிய மரச்சட்டம் ஒட்டலாம்.

அளவும் அமைப்பும்

மேசைப் பலகையின் முனையை மேலும் கீழும் செதுக்கி நடுவில் ஒரு மெல்லிய நாக்கு விட வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பில் அந்த நாக்கு நுழைய ஒரு காடி. அந்த நாக்கிலிருந்து சில இடங்களில் மட்டும் இன்னும் நீளமாக வெளியே வரும் பகுதிகள் கழுந்துகள். அவை நுழைய, காடியின் அடியில் ஆழமான துளைகள். நாக்கு சட்டத்தை நெடுக ஒரே மட்டத்தில் வைத்திருக்கும். கழுந்துதான் பிடிமானம்.

1 இஞ்ச் கனமுள்ள பலகைக்கு நாக்கின் கனம் 3 நூல் வைக்கலாம், அதாவது மூன்றில் ஒரு பங்கு அளவில். நாக்கின் நீளம் 4 நூல் போதும். சட்டம் 4 இஞ்ச் அகலம் என்றால் கழுந்து படியிலிருந்து இரண்டரை இஞ்ச் நீளம் இருக்கட்டும். படி என்று நான் சொல்வது முழுக்கனப் பலகை முடிந்து செதுக்கிய பகுதி தொடங்கும் இடத்தை. 2 அடி அகல மேசைக்கு மூன்று கழுந்து, 3 அடிக்கு ஐந்து. ஒவ்வொன்றும் 3 இஞ்ச் அகலம்.

புதியவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கழுந்துகள் மேசைப் பலகையிலிருந்தே வருகின்றன, தனியாக ஒட்டுவதில்லை. அதனால் மரம் அறுக்கும்போதே அந்த நீளத்தைச் சேர்த்து அறுக்க வேண்டும். மேசை மொத்தம் 72 இஞ்ச், சட்டம் இரண்டு பக்கமும் 4 இஞ்ச் என்றால் படிக்குப் படி 64 இஞ்ச் வரும். இரண்டு பக்கக் கழுந்துக்கும் சேர்த்து 5 இஞ்ச் கூட்டினால் 69. பலகையை 69 இஞ்சுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய உத்திரத்தை அறுத்த பிறகு இது நினைவுக்கு வந்தால் மேசையைச் சின்னதாக்குவதைத் தவிர வழியில்லை.

துளைகளின் அகலம்தான் இந்த வேலையின் உயிர். நடுத் துளை கழுந்துக்குச் சரியாக, இறுக்கமாக இருக்க வேண்டும். மற்ற துளைகள் கழுந்தைவிட அகலமாக இருக்க வேண்டும், கழுந்தின் இரண்டு பக்கமும் இடம் விட்டு. கடைசிக் கழுந்துகளுக்கு ஒவ்வொரு பக்கமும் 1 நூல். நடுவை ஒட்டிய இரண்டுக்கு அரை நூல் போதும், அங்கே நகர்வு குறைவு. ஆழத்திலும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள், கழுந்து அடியில் முட்டினால் படி சேராது.

சட்டத்தின் முனையில் காடி வெளியே தெரியக் கூடாது என்று சிலர் காடியை முனைக்கு ஒரு இஞ்ச் முன்பே நிறுத்துவார்கள். பார்க்க அழகு. அப்படிச் செய்தால் நாக்கையும் ஓரத்தில் வெட்டிக் குறைக்க வேண்டும், அங்கேயும் 1 நூல் இடம் விட்டு. இதை மறந்தால் மழைக்காலத்தில் நாக்கு விரிந்து போய்க் காடியின் சுவரை முட்டிப் பிளந்துவிடும்.

செதுக்கும் கருவி எதுவானாலும் சரி. ரவுட்டர் (மரத்தில் பள்ளம் குடையும் மின்கருவி) இருந்தால் நேர்கட்டையைக் கிளாம்ப் செய்து அதை ஒட்டி ஓட்டலாம். இல்லையென்றால் மூலைமட்டம் வைத்துக் கத்தியால் கோடு கிழித்து, ரம்பத்தால் படியை அறுத்து, உளியும் இழைப்புளியுமாக இறக்கலாம். கத்திக்கோடு முக்கியம். பென்சில் கோட்டில் அறுத்த படி சேர்மானத்தில் எப்போதும் கொஞ்சம் வாய் திறந்தே இருக்கும். துளைகளை முதலில் டிரில்லால் குடைந்து, பிறகு உளியும் கொட்டாப்புளியுமாகச் சுவரைச் செம்மையாக்குங்கள். பழைய மரம் என்றால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். உள்ளே முறிந்து நிற்கும் பழைய ஆணி ஒன்று ரவுட்டரின் பல்லையும் உங்கள் கையையும் பதம் பார்த்துவிடும்.

ஆணியும் பசையும்

சட்டம் கழன்று வராமல் இருக்க ஒவ்வொரு கழுந்துக்கும் ஒரு ஆணி. இரும்பு ஆணி வேண்டாம். முற்றிய மூங்கிலில் சீவிய ஆணியோ, தேக்கிலேயே உருட்டிய முளையோ நல்லது. 3 நூல் பருமன் இருந்தால் சரியாக இருக்கும். ஆணி சட்டத்தின் மேல் பக்கம் நுழைந்து, கழுந்தைத் துளைத்து, சட்டத்தின் கீழ்ப்பக்கம் வந்து நிற்கும். மேலே ஆணித்தலை தெரிய வேண்டாம் என்றால் அடியிலிருந்து துளையிட்டு, மேல் முகத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் பசை இல்லாமல் சட்டத்தை மாட்டி, படி நன்றாகச் சேரும்படி கிளாம்ப் போட்டு, ஆணித்துளைகளின் இடத்தைக் கழுந்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சட்டத்தைக் கழற்றுங்கள். கழுந்தில் துளை போடும்போது குறித்த இடத்திலேயே போடாமல், படியை நோக்கி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள். ஆணி அடித்து இறங்கும்போது இந்தத் தள்ளல் சட்டத்தைப் படியோடு இழுத்து இறுக்கும். நம் ஊர் நிலை, கதவு வேலைகளில் கழுந்தை இறுக்க மூங்கில் ஆணி அடிப்பார்களே, அதே பிடிமானம். தேக்கு நார்வாக்கில் பிளக்கக்கூடிய மரம், அதனால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ள வேண்டாம்.

அடுத்து, நடுக்கழுந்தின் துளை உருண்டையாகவே இருக்கட்டும். மற்ற கழுந்துகளின் துளைகளை உருண்டை அரத்தால் நீள்துளையாக்குங்கள். நீளும் திசை மேசையின் அகலவாக்கில். கடைசிக் கழுந்தில் 3 நூல் துளை, இரு பக்கமும் ஒரு நூல் சேர்ந்து 5 நூல் நீளமாகும். படியை நோக்கியோ வெளியே நோக்கியோ துளை பெரிதாகக் கூடாது, பிடி தளர்ந்துவிடும். நீள்துளை கழுந்தில் மட்டும்தான், சட்டத்தில் இல்லை. இந்த இரண்டையும் மாற்றிச் செய்து, சட்டத்தின் மேல் முகத்தில் நீளமான ஓட்டையோடு நிற்பவர்கள் உண்டு.

பசை நடுக்கழுந்துக்கும் அதன் துளைக்கும் மட்டும். நடுவில் 3, 4 இஞ்சுக்கு வெளியே ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அதிகமாகத் தடவினால் அடிக்கும்போது பசை காடிக்குள் வழிந்து பக்கத்துக் கழுந்தையும் பிடித்துக்கொள்ளும், வெளியே தெரியாது. தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, அது ஃபெவிகாலை ஒட்டவிடாது. ஒட்டும் இடத்தை அன்றைக்கே சீவி, தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். ஓர ஆணிகளை அடிக்கும்போது ஆணியின் கடைசி கால் இஞ்சில் மட்டும் கொஞ்சம் பசை தொட்டால் போதும். அது சட்டத்தைப் பிடிக்கும், கழுந்தைத் தொடாது.

அனுபவசாலிகள் இன்னொன்றும் செய்வார்கள். பொருத்தும் முன் சட்டத்தின் உள்விளிம்பை இழைப்புளியால் நடுவில் ஒரு மயிரிழை ஆழம் குழிவாகச் சீவுவார்கள். நடு ஆணி சட்டத்தை இழுக்கும்போது இரண்டு ஓரமும் பலகையை அழுத்திக்கொண்டு நிற்கும். ஓரத்தில் பசை இல்லாததால் காலப்போக்கில் வரக்கூடிய இடைவெளி இதனால் வராது. முதல் மேசையிலேயே இதை முயலலாம். அளவு மட்டும் காகிதக் கனத்தைத் தாண்ட வேண்டாம்.

எந்தப் பருவத்தில் செய்கிறீர்கள்?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. கார்த்திகையில், வெளியே மழை கொட்டும்போது செய்தால் பலகை தன் முழு விரிவில் இருக்கும். இனி அது சுருங்கத்தான் போகிறது. சட்டத்தின் முனையைப் பலகையோடு சமமாக அறுத்துவிட்டால், வைகாசியில் சட்டம் இரு பக்கமும் 1 நூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோடையில் செய்து சமமாக அறுத்தால் மழையில் பலகை சட்டத்தைத் தாண்டி வெளியே வரும். வருஷம் முழுக்கச் சமமாக நிற்கும் முனைச் சட்டம் கிடையாது. வாடிக்கையாளருக்கு மேசை செய்து கொடுக்கிறவர் என்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் சாக்கு மாதிரிக் கேட்கும்.

குளிர்சாதன அறைக்குப் போகும் மேசைக்கு இன்னும் கவனம் தேவை. காரைக்குடியில் மழைநாளில் செய்து, சென்னையில் இரவு பகல் ஏசி ஓடும் அறையில் வைத்தால் சுருக்கம் ஒரே பக்கமாக, வேகமாக வரும். அப்படிப்பட்ட வேலையில் ஓரத் துளைகளுக்கு ஒன்றரை நூல் இடம் விடுவேன்.

இந்த நீட்டலை மறைப்பதைவிட அழகாக்கிவிடுவது எனக்குப் பிடித்த வழி. கலிஃபோர்னியாவின் பசடீனாவில் 1908-09-ல் கட்டிய கேம்பிள் வீட்டை வடிவமைத்த கட்டடக்கலைஞர்களான கிரீன் சகோதரர்கள், தங்கள் மேசைகளில் முனைச் சட்டத்தைப் பலகையைவிட வேண்டுமென்றே சற்று நீளமாக வைத்தார்கள். சேரும் இடத்தில் கருங்காலி இன மரத்துண்டு ஒன்றையும் பதித்தார்கள். சட்டம் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதே வடிவம் என்று ஆகிவிட்டதால் 1 நூல் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. நம் வேலையில் சட்டத்தை இரு பக்கமும் 2 நூல் நீட்டி, விளிம்பைக் கையால் தடவும்போது உறுத்தாதபடி உருட்டிவிட்டால் இதே பலன் கிடைக்கும். செட்டிநாட்டுத் தூண் தலைப்பில் வருவது போன்ற சிறு செதுக்கு வேலைக்கும் அந்த நீட்டிய முனை நல்ல இடம்.

பாலிஷை மேல்முகத்துக்கு மட்டும் போட்டு விடாதீர்கள். அடிமுகத்துக்கும் அதே அளவு போடுங்கள். ஒரு முகம் மூடி ஒரு முகம் திறந்திருந்தால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கும், பலகை குழியும். பாலிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அதனால் நல்ல பாலிஷ் போட்டால் இடம் விட வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேசைப் பலகையைக் கால்சட்டத்தோடு இணைக்கும்போதும் இதே விதிதான். நேராக ஸ்குரூ முடுக்காமல், நீள்துளை உள்ள தகடோ, சட்டத்தின் காடிக்குள் நகரும் மரப் பிடியோ வைத்துப் பொருத்துங்கள். மேலே இவ்வளவு கவனமாக இடம் விட்டுவிட்டு அடியில் பத்து ஸ்குரூ முடுக்கினால் பலகை அங்கே வெடிக்கும்.

ஏற்கெனவே ஒட்டி வெடித்துப்போன மேசை வீட்டில் இருந்தால் அதையும் மீட்கலாம். ஸ்குரூவால் மட்டும் பிடித்த சட்டம் என்றால் வேலை சுலபம்: நடு ஸ்குரூவை விட்டுவிட்டு மற்ற ஸ்குரூக்கள் போகும் துளைகளை அகலவாக்கில் நீட்டிவிட்டால் பலகைக்கு மூச்சு கிடைக்கும். பசையால் ஒட்டியது என்றால் சேர்மானத்தை ஒட்டிச் சட்டத்தை அறுத்து எடுத்து, பலகையின் முனையிலிருந்தே புதிதாகக் கழுந்து எடுக்க வேண்டும். 72 இஞ்ச் மேசை 67 இஞ்சாகும். ஆறு பேர் உட்காரும் மேசைக்கு இது பெரிய இழப்பில்லை. வெடிப்பின் நெடுக அறுத்து, இரண்டு விளிம்பையும் சீவி மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு கோடையில் வெடிப்புக்குள் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்காதீர்கள். ஐப்பசியில் பலகை விரியும்போது அந்த அடைப்பு உள்ளே ஆப்பு போல நின்று வெடிப்பை இன்னும் உள்ளே தள்ளும்.